100 ஆண்டு வெள்ளம் பத்து ஆண்டில் இரண்டு முறை வந்தால்?

கேள்வி, ஜூன் 4

“100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தையும் தாங்கும் என்று சொல்லித்தான் கட்டுகிறார்கள். பத்து வருடத்துக்குள் இரண்டு முறை மூழ்கிவிடுகிறது. கணக்கு தப்பா, கட்டினது தப்பா? பேசாமல் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டிவிட்டால் தீராதா?”

ஜூன் 4, இரவு

இப்போதைக்குக் கணக்கை மட்டும் பார்க்கலாம். 100 ஆண்டு வெள்ளம் ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் 100 ஆண்டுக்குத் திரும்பாது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அந்த அளவுக்கோ அதற்கு மேலோ தண்ணீர் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். போன வருடம் வந்தது என்பதற்காக இந்த வருட வாய்ப்பு குறைவதில்லை. ஒரு கட்டடம் 30 ஆண்டு நின்றால் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு. 100 ஆண்டு நிற்க வேண்டிய பாலத்துக்கு 63 சதவீதம்.

ஒரே இடத்தில் பத்து ஆண்டுக்குள் இரண்டு முறை வருவது அரிதுதான், ஏறத்தாழ 0.4 சதவீதம். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆயிரம் ஆறுகளைக் கவனித்துக்கொண்டிருந்தால் அவற்றில் நாலு ஆற்றில் அது நடந்துவிடும். அந்த நாலு ஊர்க்காரர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில் வியப்பில்லை.

ஜூன் 5

நேற்று எழுதியது பாடப்புத்தகக் கணக்கு. அந்த 1 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆறுகளில் நம்மிடம் இருப்பது 40, 50 ஆண்டு அளவீடுகள்தான். அவற்றில் ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அளந்தே பார்க்காத பகுதிக்கு நீட்டி, ‘இதுதான் 100 ஆண்டு வெள்ளம்’ என்கிறோம். உண்மையில் அது ஒற்றை எண் கிடையாது, அகலமான ஒரு பட்டை. வரைபடத்தில் ஒரே ஒரு கோடாக ஏறியதும் அந்தப் பட்டை எல்லோருக்கும் மறந்துபோகிறது.

இதற்கு மேல் இன்னொன்று. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். பழைய அளவீடுகள் குளிர்ந்த காற்றில் எடுத்தவை. இனிவரும் மழை அந்தப் பழைய மழையைப் போலவே இருக்கும் என்பது அந்தக் கணக்குக்குள் யாரும் எழுதாமல் வைத்த அனுமானம். ஆகவே கேட்டவருக்கு என் பதில்: கூட்டல் கழித்தல் சரி, அடியில் இருக்கும் அனுமானம் நகர்ந்துவிட்டது.

ஜூன் 7

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ‘எல்லாவற்றையும் பெரிதாக்கு’ என்பதைப் பொறியாளர்கள் உடனே மறுத்துவிடுவார்கள். நான் அப்படி மறுக்கப்போவதில்லை. குழாய் வடிகாலில் அந்த யோசனைக்கு நல்ல நியாயம் இருக்கிறது. ஒரே சரிவில் நிரம்பி ஓடும் குழாயில் நீரோட்டம் விட்டத்தின் 8/3 அடுக்கில் கூடும். விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் நீர் 60 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். இரட்டித்தால் ஆறு மடங்குக்கும் மேல். பள்ளம் தோண்டுவது, சாலையை மூடுவது, திரும்ப நிரப்பிப் போடுவது ஆகியவற்றுக்குத்தான் பெருஞ்செலவு. குழாய் கொஞ்சம் பெரிதாவதால் கூடும் செலவு அந்த அளவுக்குக் கூடாது. மண்ணுக்குள் போய் 80 ஆண்டு கிடக்கப்போகும் பொருளில் ஒரு சுற்று பெரியதை வாங்குவது நல்ல முடிவு என்றே சொல்வேன்.

காற்றில் கதை வேறு. வீசும் காற்று கட்டடத்தின் மேல் தரும் அழுத்தம் வேகத்தின் இருமடியில் கூடும். வேகம் 20 சதவீதம் கூடினால் சுமை 44 சதவீதம் கூடும். அங்கே ஒவ்வொரு படிக்கும் எஃகு, கான்கிரீட் இரண்டிலும் விலை கொடுக்க வேண்டும்.

சரி, பெரிய குழாய் போட்டாயிற்று. தண்ணீர் எங்கே போகும்? கீழே இருப்பவரிடம், முன்பைவிட வேகமாக. மேட்டுத்தெரு பிழைத்துப் பள்ளத்தெரு மூழ்கும். பெரிதாக்குவதற்கு முன் அதைக் கேட்டாக வேண்டும்.

ஜூன் 8

நான் வேலை பார்த்த ஒரு மழைநீர் பம்ப் நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் இடமும் வேண்டாம்.

வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. பம்புகள் போதுமானவை, ஒன்று கூடுதலாகவே இருந்தது. மோட்டார்களும் பேனலும் வெள்ள மட்டத்துக்கு மேல். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். அந்தப் பெருமழையில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஓடியது, எல்லாம் எழுதி வைத்தபடியே நடந்தது. அப்புறம் டீசல் தீர்ந்தது. டீசல் வண்டி வர வேண்டிய சாலை நிலையத்தைவிடத் தாழ்வாக இருந்ததால் முழங்காலுக்கு மேல் தண்ணீர். முறை மாற்ற வேண்டிய ஆபரேட்டரும் வந்து சேர முடியவில்லை. உள்ளே இருந்தவர் முதல் நாள் காலையிலிருந்து தனியாக, குப்பைத் தடுப்புக் கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக்கையும் மரக்கிளையையும் கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் கை ஓய்ந்தால் கம்பி அடைத்துக்கொள்ளும், பம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குத் தண்ணீர் கிடைக்காது.

பம்பின் திறனைப் பற்றி வரைபடங்களிலும் அறிக்கைகளிலும் பக்கம் பக்கமாக இருந்தது. சாலையின் உயரத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, ஏனென்றால் சாலை வேறொரு துறையின் சொத்து. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். அந்த மனிதரின் கைகளை நம்பித்தான் அந்தப் பகுதி முழுவதும் இருந்தது. அவரை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஜூன் 11

ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்படியானால் எந்த அளவுக்குத்தான் கட்டுவது?” அதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு நாள் வரும். ஆகவே எனக்கு முக்கியமான கேள்வி வேறு: அந்த எண்ணைத் தாண்டும் நாளில் இது எப்படித் தோற்கும்?

மண் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் அணையின் மேல் தண்ணீர் வழிந்தாலும் அது நிற்க ஓரளவு வாய்ப்புண்டு. மண் அணையின் மேல் வழிந்தால் வெளிச்சரிவு கரையும், உச்சி தாழும், தாழ்ந்த இடத்தில் இன்னும் வேகமாக ஓடும், சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 2023 செப்டம்பர் 10-11 இரவில் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே 1970களில் கட்டிய இரண்டு அணைகள் டேனியல் புயலின் மழையில் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. தானாக வந்திருக்கக்கூடிய வெள்ளம் ஒன்று. மேல் அணை உடைந்து, அந்த மொத்த நீரும் கீழ் அணையை உடைத்துக்கொண்டு நகருக்குள் வந்தது வேறொன்று. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அணையே இல்லாதிருந்தால் வந்திருக்கும் தண்ணீரைவிட உயரமான சுவராக அது வந்தது.

இதற்குத்தான் கலிங்கு. உபரி நீர் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் தரையின் மேல் வழிய வேண்டும் என்பதை அணை கட்டுபவரே முன்கூட்டித் தீர்மானிக்கும் இடம் அது. அதிலும் வேலையைப் பாதியில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் 2017 பிப்ரவரியில் முதன்மைக் கலிங்கின் கான்கிரீட் தளம் பெயர்ந்துபோனது. அவசரக் கலிங்கு வழியே, அணை கட்டிய 1968-க்குப் பிறகு முதல்முறையாக, தண்ணீர் வழிந்தது. அதற்குக் கீழே இருந்தது வெறும் மலைச்சரிவு. சரிவு அரித்துக்கொண்டே கலிங்கின் அடிவாரத்தை நோக்கி ஏறியது. ஏறத்தாழ 1,88,000 பேரை அவசரமாக வெளியேற்றினார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ‘மிகக் கடைசியில்தான் தேவைப்படும்’ என்று ஒதுக்கிய பகுதி தேவைப்பட்ட நாளில் தயாராக இல்லை.

ஜூன் 11, பிற்பகல்

மேலே எழுதியதோடு நியூ ஆர்லியன்ஸையும் சேர்க்க வேண்டும். 2005 கத்ரீனா புயலில் 17-ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் இரண்டிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சுவர்கள் சரிந்தன, அடிமண் தாங்கவில்லை. பிறகு திரும்பக் கட்டியபோது உயரத்தைக் கூட்டியதோடு நிற்கவில்லை. கரையின் உள்பக்கச் சரிவையும் பல இடங்களில் கான்கிரீட்டாலும், புல்லைப் பிடித்து வைக்கும் வலைப் பாயாலும் மூடினார்கள். தண்ணீர் மேலே வழியலாம், கரை உடையக் கூடாது என்பது கணக்கு. வழியும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துவிடலாம். உடைந்த கரை வழியே கடலே உள்ளே வரும்.

ஜூன் 12

“தோற்பதற்கும் திட்டம் போடுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாதா” என்று வருத்தமாக ஒருவர் கேட்கிறார். கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பாருங்கள். 1998 ஜனவரியில் அங்கே, தொட்டதும் உறையும் மழை நாள்கணக்கில் பெய்து மின்கம்பிகளில் கனத்த பனிக்கட்டி படிந்தது. ஒரு கோபுரம் விழுந்தால் கம்பியின் இழுவிசை ஒருபக்கமாகி அடுத்த கோபுரத்தையும் இழுத்தது. வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அதன்பின் மின்வாரியம் எடுத்த முடிவுகளில் ஒன்று, இடையிடையே மிக வலுவான கோபுரங்களை நிறுத்துவது. அவை சரிவை அங்கேயே பிடித்து நிறுத்தும். எல்லாக் கோபுரங்களையும் அந்த வலுவில் கட்டப் பணம் போதாது. பத்து விழலாம், நூறு விழக் கூடாது. இதில் தோல்வி மனப்பான்மை எங்கே இருக்கிறது? விழப்போகும் பத்தையும் முன்பே நினைத்துப் பார்த்த அக்கறைதான் எனக்குத் தெரிகிறது.

ஜூன் 15

பழைய பாலங்களைப் பற்றிக் கேட்டவருக்கு. ‘இது எத்தனை வெள்ளம் பார்த்த பாலம் தெரியுமா’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. ஆற்றுப் பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து உடைவதில்லை. தூணின் அடியில் மண் அரித்துப் போய்ச் சாய்கின்றன. அரிப்பு வெள்ளத்தின் உச்சத்தில், கலங்கிய நீருக்கு அடியில் நடக்கும். தண்ணீர் வடியும்போது வண்டல் வந்து அந்தக் குழியை மூடிவிடும். கரையில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹேரி ஓடைப் பாலம் 1955-இல், புதிதாக இருந்தபோதே, மிகப் பெரிய வெள்ளத்தைத் தாங்கி நின்றது. 1987 ஏப்ரல் 5 அன்று அதைவிடச் சிறிய வெள்ளத்தில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அதன் தூண்கள் ஆழமில்லாத அடித்தளத்தின் மேல் நின்றன. அடியைக் காக்கக் கொட்டிய கற்கள் காலப்போக்கில் அடித்துப் போயின, திரும்பப் போதிய அளவில் கொட்டவில்லை. பெரிய வெள்ளத்தைத் தாங்கியது பாலத்தின் பலத்துக்குச் சான்றானதே தவிர, அந்த வெள்ளம் எதை எடுத்துக்கொண்டு போனது என்று தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கத் தூண்டவில்லை.

என் அனுபவத்தில் ஒரு வெள்ளம் முடிந்ததும் வரும் பணம் முழுவதும் உடைந்ததைக் கட்டப் போகும். உடையாமல் நின்றதைச் சோதிக்க யாரும் பணம் தருவதில்லை. அடுத்த வெள்ளத்தில் விழப்போவது பெரும்பாலும் அந்த உடையாமல் நின்றதுதான்.

ஜூன் 19

பம்ப் நிலையக் கதைக்கு இருவர் ஒரே மாதிரி பதில் எழுதியிருக்கிறார்கள்: “அது அந்த ஒரு நிலையத்தின் நிர்வாகக் கோளாறு.” அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை நம்பி இன்னொன்று நிற்கும் இடங்களில் திரும்பத் திரும்ப இதே நடக்கிறது.

2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில். அடித்தளம் மூழ்கியது. ஊழியர்கள் வரிசையாக நின்று 13 மாடிக்கும் கையாலேயே எரிபொருளை ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்றத்தான் வேண்டியிருந்தது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர். மின் நிலையங்களுக்கு எரிவாயு வேண்டும். எரிவாயுவை எடுத்து அனுப்பும் நிலையங்களுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக நிறுத்தியபோது அந்த எரிவாயு நிலையங்களில் சிலவற்றுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் ‘இவற்றை நிறுத்தக் கூடாது’ என்ற பட்டியலில் அவை இல்லை. எரிவாயு குறைந்தது, மின்சாரம் இன்னும் குறைந்தது. மாநிலத்தின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். 2011-லும் அங்கே இதுபோல ஒரு குளிர் வந்தது. கருவிகளைக் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று அப்போதே விசாரணை அறிக்கை பரிந்துரைத்திருந்தது. பட்டியலில் பெயர் சேர்க்க எவ்வளவு கான்கிரீட் வேண்டும்?

ஜூன் 20

நேற்றுக் கோபத்தில் எழுதிய கடைசி வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன். பட்டியல் மட்டும் போதாது; குளிரில் உறைந்த வால்வுகளும் அளவுமானிகளும் பட்டியலால் உருகாது. ஆனால் பணம் குறைவான ஊராட்சி ஒன்று எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், கட்டுவதற்கு முன் இதைத்தான் சொல்வேன். உங்கள் முக்கியமான நிலையம் ஒவ்வொன்றும் ஓட என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள்: மின்சாரம், எரிபொருள், தண்ணீர், தொலைபேசி, வந்துசேரும் சாலை, ஆள். ஒவ்வொன்றும் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். துறைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் பார்த்த பம்ப் நிலையத்தில் அப்படி உட்கார்ந்திருந்தால் அந்தச் சாலையைப் பற்றி முதல் கூட்டத்திலேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 26

“மேலே வழிய விடலாம் என்கிறீர்கள், வழிந்தது எங்கே போகும்?” நல்ல கேள்வி. ஜூன் 7-இல் நானே கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டது.

நெதர்லாந்தில் 1953-இல் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் இறந்தபின் உலகமே பார்த்து வியக்கும் தடுப்புகளைக் கட்டினார்கள். அதே நாட்டில் 1995-இல் ஆறுகள் பெருகி ஏறத்தாழ 2,50,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அப்போது கரைகளை மட்டும் இன்னும் உயர்த்திக்கொண்டே போக வேண்டாம் என்று முடிவெடுத்து, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நைமேகன் நகருக்கு எதிரே லெண்ட் பகுதியில் கரையை 350 மீட்டர் பின்னால் நகர்த்தி, பக்கத்திலேயே புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். சில குடும்பங்கள் வீட்டை இழந்து இடம் மாறின. அதைச் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று இரண்டே மணி நேரத்தில் சில இடங்களில் சுமார் 150 மில்லிமீட்டர் கொட்டியது. அடுத்த ஆண்டு வந்த திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு முடிவு உண்டு: 100 ஆண்டு மழையிலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக் கூடாது. அதாவது 10 சென்டிமீட்டர் வரை நிற்கலாம் என்று ஒரு நகரம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்கேற்பச் சில தெருக்களை நீர் ஓடும் வழியாகவும், சில பூங்காக்களைத் தற்காலிகக் குளமாகவும் அமைக்கிறார்கள். மழையில்லாத நாளில் குழந்தைகள் அங்கே விளையாடுவார்கள். தினமும் பயன்படும் இடத்தைப் பராமரிக்கச் சொல்லி யாராவது சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது கூடுதல் நன்மை.

வங்காள விரிகுடாவின் புயல் காப்பகங்களும் இப்படித்தான்; அவற்றில் பல, மற்ற நாளில் பள்ளிக்கூடங்கள். 1999 புயலில் ஒடிசாவில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது இறந்தவர்கள் சில பத்துப் பேர். முன்னறிவிப்பு, லட்சக்கணக்கானோரை முன்கூட்டி நகர்த்தியது, போய் ஒதுங்க ஒரு கட்டடம் ஆகிய மூன்றும் சேர்ந்த பலன் அது. காப்பகம் மட்டும் இருந்து, போகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது பூட்டிய கட்டடம்.

ஜூலை 2

வெள்ளத்தையே பேசுகிறோம், வெயிலை விட்டுவிட்டோம் என்று குறைபட்டவர் சொல்வது சரி. 1 கிலோமீட்டர் எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி சூடானால் சுமார் 36 சென்டிமீட்டர் நீளும், நீள விட்டால். தொடர்ச்சியாகப் பற்றவைத்த தண்டவாளத்தை நீள விடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இழுவிசை இல்லாதபடி பூட்டிவிடுகிறார்கள். அதைத் தாண்டிச் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறி ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் நெளியும். பிரிட்டனில் அந்தப் பூட்டும் வெப்பநிலை 27 டிகிரி. 2022 ஜூலை 19-இல் அங்கே காற்று 40 டிகிரியைத் தாண்டியது. வெயிலில் கிடக்கும் தண்டவாளம் காற்றைவிட இன்னும் 20 டிகிரி வரை சூடாகும். ஏன் இன்னும் உயர்ந்த வெப்பநிலையில் பூட்டக் கூடாது? குளிர்காலத்தில் சுருங்கி உடையும். தண்டவாளத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் கோடையையும் குளிரையும் பார்த்து முடிவு செய்தது, அந்த இரண்டும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. புதிய முடிவு எடுக்கும்வரை, கடும் வெயில் நாளில் ரயிலை மெதுவாக ஓட்டுவதுதான் மலிவான காப்பு. தாமதமாகிறது என்று திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்று.

ஜூலை 9

மின்கம்பிகளை எல்லாம் புதைத்துவிடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புயல் காற்றுக்கும் சாயும் மரத்துக்கும் அது நல்ல மருந்து. மரத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 சாட்சி: ஒஹையோவில் சுமையிலும் சூட்டிலும் தொய்ந்த கம்பிகள் வெட்டாமல் விட்ட மரங்களைத் தொட்டன, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் அப்போது செயலிழந்திருந்தது, மாலைக்குள் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில்.

ஆனால் புதைத்த கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டிச் சரிசெய்ய, மேலே ஓடும் கம்பியைவிட நீண்ட நேரம் ஆகும். நீர் தேங்கும் இடத்தில் இணைப்புப் பெட்டிகளும் தரைமட்ட மின்மாற்றிகளும் முதலில் போகும். காற்று மட்டும்தான் தொல்லை என்றால் தாராளமாகப் புதையுங்கள். வெள்ளமும் வரும் இடமாக இருந்தால் கேபிளுக்கு விலை கேட்பதற்கு முன், அந்தப் பெட்டிகளை எந்த உயரத்தில் வைப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மரங்களை வெட்டி ஒழுங்குபடுத்தும் அட்டவணை இருக்கிறதா, போன வருடம் அதன்படி நடந்ததா என்பதையும் கேளுங்கள். பல ஊர்களில் அந்த வேலையை இந்த மாதமே தொடங்கிவிடலாம்.